பொங்கல் கழித்து இரண்டு நாள்: தொண்டி, காரங்காடு, தேவிபட்டினம் பக்கம் எப்படிப் போகலாம்?

வளவுவீடு (பள்ளத்தூர்)

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் கழித்து அடுத்த வாரம் தம்பி குடும்பம் பெங்களூரிலிருந்து வருகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது. தம்பி பிள்ளைகளுக்கு வயது 7, 11. எங்கள் ஆத்தாவுக்கு 74. நான், வீட்டுக்காரர், தம்பி, தம்பி பெண்டாட்டி எல்லாம் சேர்த்து ஏழு பேர், ஒரு வேன்.

ஆயிரம் ஜன்னல் வீடு, கானாடுகாத்தான், ஆத்தங்குடிக் கல் போடும் இடம் எல்லாம் பிள்ளைகள் பார்த்தாயிற்று. இந்த முறை கடல் கேட்கிறார்கள். ஆத்தாவுக்கும் மனதில் ஒரு ஆசை. அவர்களுடைய ஐயா (அப்பாவைப் பெற்றவர்) தொண்டியில் தோணி ஏறித்தான் இலங்கைக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனார்களாம். சின்ன வயதிலிருந்து தொண்டி, தொண்டி என்று கேட்டே வளர்ந்தவர்கள் இன்றுவரை அந்தக் கரையைப் பார்த்ததில்லை. இங்கிருந்து எழுபது கிலோமீட்டர்கூட இருக்காது. இராமேசுவரத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம், தொண்டிக்கு மட்டும் போகவில்லை.

நான் போட்டிருக்கும் கணக்கு இது. சனிக்கிழமை காலை 7 மணிக்குப் புறப்பட்டு அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோவில். அங்கிருந்து மீமிசல், கோபாலப்பட்டினம், திருப்புனவாசல், சுந்தரபாண்டியன்பட்டினம். தொண்டியில் மதியச் சாப்பாடு. பிறகு காரங்காட்டில் படகு, உப்பூர்ப் பிள்ளையார், தேவிபட்டினம் கடலில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இராமநாதபுரத்தில் தங்கல். ஞாயிறு தனுஷ்கோடி போய்த் திரும்பல்.

இது ஒத்து வருமா? பிள்ளைகள் தண்ணீரில் இறங்க எந்த ஊர் நல்லது? ஆத்தாவால் மணலில் ரொம்ப தூரம் நடக்க முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தொண்டிக்கரை (தொண்டி)

ஆச்சி, முதலில் ஒன்று. நம் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது. தேவிபட்டினத்தில் சூரியன் கடலிலிருந்து எழும், மறைவது ஊர்ப்பக்கம். சாயங்காலம் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகில்தான் விழும். இந்தக் கரை காலை நேரத்துக் கரை. இதை வைத்துக்கொண்டு உங்கள் கணக்கை முழுதாகத் திருப்பிப் போட வேண்டும்.

அப்புறம், ஒரே நாளில் ஒன்பது ஊர். தூரம் பெரிதில்லை, சாலையும் நன்றாகத்தான் இருக்கிறது, முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கரைக்கு வந்து சேரும் நேரம் பகல் பன்னிரண்டு, ஒன்று ஆகிவிடும். அந்த நேரத்தில் இங்கே என்ன இருக்கும்? படகுகள் காலையிலேயே வந்து மீன் இறக்கிப் போட்டுவிட்டுக் கிடக்கும். ஏலம் முடிந்து ஆள் கலைந்திருக்கும். வலை தைக்கிறவர்கள்கூட நிழல் தேடிப் போயிருப்பார்கள். வெயிலும் மீன் வாடையும்தான் மிச்சம். இங்கே வந்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தில் வந்தவர்கள்தான். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். என் ஊரை அதன் நல்ல நேரத்தில் பார்க்காமலே போகிறார்களே என்று.

இந்த மாதத்தில் ஆறரை மணி வாக்கில் சூரியன் எழும். பள்ளத்தூரிலிருந்து நாலரை மணிக்குப் புறப்பட்டால் தேவகோட்டை, திருவாடானை வழியாக ஆறேகாலுக்கு வந்துவிடலாம். அதிகாலையில் சாலை காலியாக இருக்கும். திருவாடானையில் மதுரைச் சாலையைப் பிடித்தால் அது நேராகத் தொண்டியில் வந்துதான் முடியும். கொச்சியில் தொடங்கி மூணாறு, மதுரை, சிவகங்கை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 85 அது. சாலை கடலில் போய் முட்டுகிற மாதிரி ஊர் இருப்பதே பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

உங்கள் ஆத்தாவின் ஐயா இங்கே தோணி ஏறியது உண்மையாகத்தான் இருக்கும். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட பிறகுதான் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியது. அதற்கு முன்னால் பாய் கட்டிய தோணிதான். எங்கள் வாப்பாவின் வாப்பாவும் தோணிக்காரர். ஆத்தாவைக் கட்டாயம் கூட்டி வாருங்கள்.


தேவகோட்டை_ரஸ்தா

இருபது வருடமாக இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறேன். தொண்டிக்கரை அண்ணன் சொல்வது சரி. நான் ரோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பேரைக் கேட்டு, சென்னைப் பக்கம் மாதிரி ஜன்னல் வழியே கடல் தெரியும் என்று நினைத்து வருகிறார்கள். இங்கே தெரியாது. சாலையில் இருந்து கடல் ஒரு கிலோமீட்டர், சில இடத்தில் மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் சாலையிலிருந்து கிழக்கே ஒரு கிளை பிரியும். அதில் உள்ளே போய்த் திரும்பி வரவே அரை மணி ஆகும். நீங்கள் எழுதிய ஒன்பது ஊருக்கும் அப்படி உள்ளே போனால், நாளில் பாதி அந்தக் கிளைச் சாலையிலேயே போய்விடும்.

கரை வரைக்கும் வேனைக் கொண்டுபோகச் சொல்லி டிரைவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். தார் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். மேலே காய்ந்த மணல் மாதிரி தெரியும், அடியில் சேறு. போன மார்கழியில் ஒரு வண்டி அச்சு வரைக்கும் இறங்கி, மீன் ஏற்ற வந்த டிராக்டர்தான் இழுத்துக் கொடுத்தது.

பஸ்ஸில் வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: தேவகோட்டையிலிருந்து தொண்டிக்குப் பஸ் இருக்கிறது. தொண்டியிலிருந்து இராமநாதபுரம் போகும் பஸ் கடற்கரைச் சாலையிலேயே போகும், உப்பூர், தேவிபட்டினத்தில் இறங்கிக்கொள்ளலாம். ரயில் இந்தக் கரையில் கிடையாது.


கல்லல்_பையன்

இரண்டே நாள் வைத்துக்கொண்டு எதற்கு இந்தச் சின்ன ஊர்கள்? நேராகத் தனுஷ்கோடிக்குப் போங்கள். இரண்டு பக்கமும் கடல், அலை, 1964 புயலில் அழிந்த சர்ச், ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கும். தொண்டியில் அலையே கிடையாது, குளம் மாதிரி இருக்கும்.


தொண்டிக்கரை (தொண்டி)

தம்பி, தனுஷ்கோடியை யாரும் குறை சொல்லவில்லை. அதைப் பார்க்காதவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் ஆச்சி எழுதியதைத் திரும்பப் படியுங்கள். அவர்கள் இராமேசுவரத்துக்கு எத்தனையோ தடவை போனவர்கள்.

குளம் மாதிரி என்று சொன்னீர்களே, அதற்குத்தான் இங்கே பெண் கடல் என்று பேர். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், வடக்கே நம் பாக் விரிகுடா பெண் கடல். எதிரே இலங்கை மறைத்து நிற்கிறது, ஆழமும் குறைவு, சராசரியாகப் பத்து மீட்டர்கூட வராது. பெரிய அலை எழும்ப இடமில்லை. தேவிபட்டினத்தில் கடலடைத்த பெருமாள் என்று ஒரு சாமி உண்டு. இராமர் நவக்கிரகம் பிடித்து வைக்கும்போது அலையடிக்காமல் கடலை அடைத்துக் கொடுத்தவர் என்பது கதை. அந்தக் கரையில் போய் நின்று பார்த்தால் கதை எங்கிருந்து வந்தது என்று புரியும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. தை மாதத்தில் வாடைக் காற்று இன்னும் முழுதாக அடங்கியிருக்காது. கடல் கொஞ்சம் கலங்கலாக, சின்னச் சின்ன அலையோடு இருக்கும். கண்ணாடி மாதிரி தண்ணீர் வேண்டுமென்றால் கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் வர வேண்டும்.


ஆயாவீடு (தேவகோட்டை)

வளவுவீடு ஆச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் ஆயா சொன்னது நினைவு வந்தது. நம் வீட்டுச் சுவரைத் தொட்டால் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறதே, அந்தப் பூச்சுக்குச் சுண்ணாம்பு கடலோரத்துக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றியது. அதை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். தூணுக்குப் பர்மாத் தேக்கு என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், சுவருக்கு வந்த கடலை யாரும் சொல்வதில்லை. பிள்ளைகளைக் கரையில் கிளிஞ்சல் பொறுக்க விட்டு, வீட்டுக்கு வந்ததும் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.


அலையாத்தி (காரைக்குடி)

நான் கடலியல் படித்தவள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடல் படிப்புக்கான வளாகம் தொண்டியில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கரையில் நிறைய நாள் அலைந்திருக்கிறேன். காரங்காடு பற்றிச் சொல்கிறேன்.

அங்கே வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்கு நடுவே கால்வாய் மாதிரி போகிற தண்ணீரில் போய், முகத்துவாரம் தாண்டிக் கடல் வரை கூட்டிப்போவார்கள். படகு ஓட்டுகிறவர்கள் அந்த ஊர் மீனவர்களே. முன்கூட்டிச் சொன்னால் ஊர்ப் பெண்கள் மீன், நண்டு சமைத்துக் கொடுப்பதும் உண்டு. போவதற்கு முந்தின நாள் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் படகு எடுக்க மாட்டார்கள். எடுக்கச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது.

காட்டுக்குள் போனதும் எல்லோரும் இலையைத்தான் பார்ப்பார்கள். பிள்ளைகளைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி விரல் நீளக் குச்சிகள் ஆயிரக்கணக்கில் மேல் நோக்கி நிற்கும். அவை செடி இல்லை, வேர். உப்புச் சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேரே மேலே வந்து மூச்சு விடுகிறது. அந்த மரத்தின் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் நேரத்தில் இலை மேல் உப்புப் பூத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என் அக்கா பையனுக்கு ஒரு இலையை நக்கிப் பார்க்கக் கொடுத்தேன், அன்று முழுக்க வேறு பேச்சே இல்லை.

தை, மாசி பறவைகளுக்கும் நல்ல காலம். வெளிநாட்டுப் பறவைகள் கிளம்பிப் போகாத மாதங்கள்.

கடலுக்குள் இன்னொரு காடு இருக்கிறது, அது மேலே தெரியாது. பாக் விரிகுடாவின் அடியில் கடற்புல் வயல் வயலாக விரிந்து கிடக்கிறது. அதை மேய்ந்து வாழ்வதுதான் கடல்பசு, மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல் தின்னும். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே அதுதான் முதல். நீங்கள் போகிற தொண்டி, காரங்காடு அந்த எல்லைக்குத் தெற்கே இருக்கின்றன, ஆனால் புல் எல்லைக்கோடு பார்த்து வளர்வதில்லை. கரையில் ரிப்பன் மாதிரி பழுப்பாக ஒதுங்கிக் கிடப்பதைக் குப்பை என்று நினைக்காதீர்கள், அது அந்தப் புல்தான். ஆவுளியா கண்ணில் படும் என்று மட்டும் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

யாராவது காய்ந்த கடல்குதிரை, கடல் அட்டை விற்க வந்தால் வாங்க வேண்டாம். இரண்டும் 2001 முதல் தடை செய்யப்பட்டவை.


நெய்தல்மகள்

நான் இந்தக் கரையில் பிறந்தவள். ஊர் பேர் வேண்டாம், தேவிபட்டினத்துக்கு வடக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது காரைக்குடியில் வேலை. இங்கே எல்லோரும் அன்பாக எழுதுகிறீர்கள், அதனால் நானும் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

காலையில் எங்கள் கரையில் பார்க்கக் கூடிய நல்ல காட்சி நண்டு வலை பிரிப்பது. வலையோடு நண்டும் சேர்ந்து சுருண்டு கிடக்கும். எங்கள் அம்மா ஓலைப் பந்தலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார். நண்டின் முதுகை இடது கை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, வலது கையால் கவட்டையில் மாட்டியிருக்கும் நூலை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். இழுக்கவே மாட்டார். இழுத்தால் கால் ஒடிந்துவிடும், கால் போன நண்டுக்கு விலை பாதி. நீலமாக வெள்ளைப் புள்ளியோடு இருப்பது ஆண், பழுப்பாக இருப்பது பெண். வயிற்றில் முட்டை ஒட்டியிருந்தால் சினை நண்டு, அதைத் தனியே எடுத்துப் போட்டுத் திரும்பக் கடலில் விடுவார். ஒரு வலை பிரிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அம்மாவின் விரல் நுனியெல்லாம் சின்னச் சின்ன வெட்டு. உப்புத் தண்ணீர் பட்டுக்கொண்டே இருப்பதால் ஆறவே ஆறாது.

இதைப் பார்க்க வருகிறவர்களை நாங்கள் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். வேலையில் சேலை நனைந்து உட்கார்ந்திருக்கிற பெண்களை அப்படி எடுப்பது எந்த ஊரில் சரி? "எடுக்கலாமா அக்கா" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினால் உங்கள் பிள்ளை கையில் ஒரு நண்டையும் கொடுத்து எப்படிப் பிடிப்பது என்று காட்டுவார்கள்.

இன்னொன்று, பாட்டில். படகு நிழலில் உட்கார்ந்து குடித்துவிட்டு உடைத்துப் போட்டுப் போகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அந்த மணலில் வெறுங்காலோடு ஓடுகிறவர்கள். என் தம்பி உள்ளங்காலில் ஆறு தையல் போட்டிருக்கிறது.

நாள் விஷயம்: விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், பூசைக்குப் போவார்கள். அதனால் கரை பார்க்கச் சனிக்கிழமை காலையே நல்லது.

பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாம். இடுப்பளவு ஆழத்துக்கே ரொம்ப தூரம் நடக்க வேண்டும். ஆனால் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும், கால் தேய்கிற அதிர்வு கேட்டால் விலகிப் போய்விடும். சொறி (ஜெல்லி மீன்) மிதந்து வந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம்.


கல்லல்_பையன்

நெய்தல்மகள் அக்கா, நானும் கேட்காமல் படம் எடுத்திருக்கிறேன். இனிமேல் எடுக்க மாட்டேன். தொண்டிக்கரை அண்ணனிடமும் ஒரு வார்த்தை, நான் பகல் இரண்டு மணிக்குத்தான் வந்தேன்.


வளவுவீடு (பள்ளத்தூர்)

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நெய்தல்மகள் எழுதியதை ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளையோட அம்மா கைக்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் போடச் சொல்லு" என்றார்கள்.

கணக்கை மாற்றிவிட்டேன். சனிக்கிழமை விடியலுக்குத் தொண்டி, பிறகு காரங்காடு, மதியத்துக்கு மேல் வீடு. இரவு தங்கல் வேண்டாம். ஞாயிறு எங்கே போவது என்றுதான் குழப்பம். தேவிபட்டினமா, ஆவுடையார்கோவில் பக்கமா? ஓரியூரும் பக்கம் என்கிறார்கள்.

சாப்பாடும் சொல்லுங்கள். ஆத்தா சனிக்கிழமை கவிச்சி தொட மாட்டார்கள்.


ஆயாவீடு (தேவகோட்டை)

ஆத்தாவுக்கு வீட்டிலிருந்தே புளிச்சாதம், சீயம் கட்டிக்கொண்டு போங்கள். அதிகாலையில் கிளம்பினால் வெளியே தேடுவது வீண். பிள்ளைகளுக்குக் காரங்காட்டில் முன்கூட்டிச் சொல்லி நண்டு சாப்பிட வையுங்கள். உடனே பிடித்ததை மிளகாயும் உப்பும் மட்டும் போட்டு வேக வைத்தாலே போதும். நாம் வீட்டில் போடுகிற கல்பாசி, அன்னாசிப்பூ எதுவும் அதற்குத் தேவையில்லை, செட்டிநாட்டுக்காரியாகவே சொல்கிறேன்.


பழம்பதி (அறந்தாங்கி)

ஞாயிறு எங்கள் பக்கம் வாருங்கள். தேவிபட்டினத்தை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தை அமாவாசை நெருக்கத்தில் அங்கே முன்னோர் காரியத்துக்கு வருகிறவர்களின் கூட்டம் தாங்காது. கடலுக்குள் இருக்கிற ஒன்பது கல்லையும் நிதானமாகச் சுற்றி வர முடியாது, படியிலும் பாசி வழுக்கும். ஆத்தாவை வைத்துக்கொண்டு அந்த நேரம் வேண்டாம்.

ஆவுடையார்கோவிலை வெறும் வழியில் உள்ள கோயிலாக நினைத்து அரை மணியில் பார்க்க நினைத்தீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாணிக்கவாசகர் குருவைக் கண்ட திருப்பெருந்துறை அது. உள்ளே இலிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும்தான். கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சுடச்சுடப் படைகல்லில் கொட்டுவார்கள், கூடவே பாகற்காயும் கீரையும். எழும்புகிற ஆவிதான் நைவேத்தியம். மண்டபத்தில் நின்று கொடுங்கையை (கூரை ஓரத்தில் வளைந்து நீளும் கல்) அண்ணாந்து பாருங்கள். கல்லில் கம்பி, ஆணி, சட்டம் எல்லாம் செதுக்கியிருக்கிறான். மரவேலை பார்த்துப் பழகிய செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது கல் என்று நம்பவே நேரம் பிடிக்கும்.

அங்கிருந்து திருப்புனவாசல். பாம்பாறு கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கம். பழம்பதிநாதர், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். இலிங்கமும் ஆவுடையும் அவ்வளவு பெரிது. "மூன்று முழமும் ஒரு சுற்று, முப்பது முழமும் ஒரு சுற்று" என்பார்கள். இலிங்கத்துக்கு மூன்று முழ வேட்டி ஒரு சுற்று வரும், ஆவுடையாருக்கு முப்பது முழம் வேண்டும். கூட்டமே இருக்காது. ஆத்தா ஆற அமர உட்கார்ந்து கும்பிடலாம்.


தேவகோட்டை_ரஸ்தா

திருப்புனவாசலிலிருந்து திரும்பும்போது ஓரியூர் வழியாகத் திருவாடானை, தேவகோட்டை வந்துவிடலாம், சுற்று இல்லை. 1693 பிப்ரவரி 4ஆம் தேதி போர்ச்சுக்கல் பாதிரியார் அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) வெட்டிய இடம். அந்த மண் மட்டும் சிவப்பாக இருக்கும். எல்லா மதத்துக்காரர்களும் வந்து ஒரு பிடி எடுத்துப் போவார்கள். என் மனைவியும் எடுத்து வைத்திருக்கிறாள்.


வளவுவீடு (பள்ளத்தூர்)

போய் வந்துவிட்டோம். சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டதாகிவிடும், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் வருத்தம். நாலரை மணிக்குச் சொன்ன வேன் ஐந்தேகாலுக்குத்தான் வந்தது. ஆத்தா மூன்றரைக்கே குளித்துச் சேலை மாற்றி, முகப்புத் திண்ணையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. திருவாடானை தாண்டும்போதே விடிந்துவிட்டது. கடலிலிருந்து சூரியன் எழுவதை நாங்கள் பார்க்கவில்லை.

ஆனால் தொண்டிக்கரை அண்ணன் சாலை முடிகிற இடத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆத்தாவுக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்து தண்ணீருக்கு நாலடி முன்னால் போட்டு வைத்திருந்தார். ஆத்தா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, கால் நனைகிற வரைக்கும் தண்ணீர் வரட்டும் என்று பார்த்தார்கள். இங்கே அலை அவ்வளவு தூரம் வராது என்று அண்ணன் சொன்னதும், என் கையைப் பிடித்து நாலடி நடந்து போய்க் காலை வைத்தார்கள். "தோணி எந்தப் பக்கமா போகும்?" என்று கேட்டார்கள். அண்ணன் கையை நீட்டிக் காட்டினார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "ஐயா போறப்ப அப்பத்தா ஊர்லேயே இருந்துட்டாக. வழியனுப்பக்கூட இங்க வந்ததில்லையாம்" என்றார்கள். இதை எங்களிடம் இதற்கு முன்னால் சொன்னதே இல்லை.

பிள்ளைகள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்ததை நெய்தல்மகள் பார்த்திருக்க வேண்டும். வலை பிரிக்கிற இடத்தில் சின்னவன் தானாகவே "படம் எடுக்கலாமா பாட்டி" என்று கேட்டான். அந்தப் பாட்டி அவனை உட்கார வைத்து, ஒரு நண்டைப் பின்னங்கால் பக்கமாக எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். கடைசியில் படம் எடுக்க மறந்தே போனான்.

காரங்காட்டில் காற்று அதிகம் என்று ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். பத்தரைக்குத்தான் படகு எடுத்தார்கள். கடல் வரை போகவில்லை, காட்டுக்குள் மட்டும். பெரியவள் இலையை நக்கிப் பார்த்துவிட்டுத் தம்பிக்கும் கொடுத்தாள். வெள்ளைக் கொக்குகள் ஒரே மரத்தில் முப்பதுக்கு மேல். ஆத்தா படகில் ஏறவில்லை, நிழலில் இருந்தார்கள். ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வந்து பேச்சுக் கொடுத்ததில், நாங்கள் திரும்பி வரும்போது அவர்கள் பிள்ளைகள் எந்த வகுப்புப் படிக்கிறார்கள் என்பது வரை ஆத்தாவுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிறு ஆவுடையார்கோவிலிலேயே இரண்டரை மணி நேரம் போய்விட்டது. திருப்புனவாசல் பார்த்தோம். ஓரியூருக்கு நேரமில்லை. மீமிசலும் கோபாலப்பட்டினமும் பார்க்கவில்லை, அதில் எனக்குக் குறையும் இல்லை.

ராத்திரி சின்னவன் தூங்குவதற்கு முன்னால் கிளிஞ்சலை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் பட்டாலைச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தான். ஆயாவீடு ஆச்சி, உங்களுக்குத்தான் இந்தச் செய்தி.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஆத்தா இப்போதே அடுத்த தடவை எப்போது என்று கேட்கிறார்கள். கண்ணாடி மாதிரி தண்ணீர் வேண்டுமாம். ஆனியில் வந்தால் மீன்பிடித் தடைக்காலம் குறுக்கே வருமா?


தொண்டிக்கரை (தொண்டி)

வராது ஆச்சி. விசைப்படகுத் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். ஆனி பிறக்கும்போது தடை முடிந்துவிடும். அந்த வாரம் எல்லாப் படகும் சாயம் பூசிப் புதுசாக நிற்கும். கச்சான் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் அடிக்கும், கரை ஓரம் அசையாமல் கிடக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காலைப் பார்க்கலாம்.

வேனை நாலு மணிக்குச் சொல்லிவிடுங்கள். ஆனியில் ஆறு மணிக்கு முன்னாலேயே விடிந்துவிடும். நாற்காலி வீட்டில்தான் இருக்கிறது.


நெய்தல்மகள்

விளக்கெண்ணெயும் மஞ்சளும் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி போட்டுக்கொண்டு படுக்கிறார். ஆத்தாவிடம் சொல்லுங்கள்.